மரப்பாலத்துப் போணி

ரத்தினம்மாவின் கை ராசியான கை என்று சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரர்கள் பதினோரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினோரு வருஷமும் அதை நம்பாத ஒரே ஆள் ரத்தினம்மாதான்.

நம்புவதற்கு அவளுக்கு என்ன பைத்தியமா? அவள் புருஷன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். நாற்பத்தாறாம் வருஷம் சரக்குக் கயிறு அறுந்து, அரிசி மூட்டைகள் மேலே விழுந்து செத்துப்போனான். பிள்ளை குட்டி இல்லை. அவன் காலையில் வேலைக்குப் போகும்போது சோற்றுத் தூக்கை எடுத்துக் கொடுத்தது இதே கைதான். ராசி இருந்திருந்தால் அன்றைக்கல்லவா வேலை செய்திருக்க வேண்டும்!

புருஷன் போன பிறகு அவள் ஆற்றுக்கு அக்கரையில், கம்பம் என்கிற குடிசைக் கிராமத்தில், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு வீட்டில் குடியிருந்தாள். தினமும் மரப்பாலத்தைக் கடந்து வந்து, தேக்கா சந்தையில் அப்துல் கஃபாரின் கடையில் மசாலா அரைத்தாள். விடியற்காலையில் அவள் எதிரே வந்தால் கம்பத்து ஆண்கள் அப்படியே திரும்புவார்கள். வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்து, சகுனத் தடையைக் கழித்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள். தோட்டக்காரன் கோவிந்தசாமி இதில் எல்லாரையும்விடச் சுத்தம். ஒருநாள் இரண்டு தடவை அவள் முகத்தில் விழித்துவிட்டு, இரண்டு தடவையும் தண்ணீர் குடிக்கத் திரும்பினான். அன்றைக்கு அவன் வயிறு முட்டியதுதான் மிச்சம்.

இந்த நிலைமை மாறியது ஒரு தப்பான நேரத்தில். புதிதாகத் திறந்த துணிக்கடை என்று தெரியாமல், ரத்தினம்மா உள்ளே போய் ஒரு கெஜம் வெள்ளைத் துணி கேட்டுக் காசை மேஜைமேல் வைத்துவிட்டாள். கடையின் முதல் வியாபாரம், அதாவது போணி. போணியோ ஒரு தாலியறுத்தவள் கையால். முதலாளிக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வைத்த காசைத் திருப்பித் தள்ளுவது அதைவிடப் பெரிய தோஷமாயிற்றே! வேப்பெண்ணெய் குடித்தவனைப் போல வாங்கிப் போட்டுக்கொண்டான். அன்று மத்தியானம் ஒரு மலாய்க் கல்யாண வீட்டார் வந்து கடையில் பாதியைக் காலி செய்துகொண்டு போனார்கள். ஆறு மாதத்தில் அவன் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்தான்.

அவ்வளவுதான். ஊரே சேர்ந்து அவள் விதவை என்பதை மறந்துவிட்டது. லாபம் வரும் என்றால் சாஸ்திரம் கொஞ்சம் நகர்ந்து உட்காராதா என்ன! வெற்றிலைக் கடை திறந்தால் ரத்தினம்மா, முடிவெட்டும் கடை திறந்தால் ரத்தினம்மா. தாம்பூலமும் ரவிக்கைத் துணியும் வைத்து, “அக்கா, நீங்க வந்து மொதக் காசு போடணும்” என்று வாசலில் வந்து நின்றார்கள். முடிவெட்டும் கடைக்காரன் நாலே மாதத்தில் கடையை மூடிக்கொண்டு ஓடினான். அவன் குடிகாரன் என்றார்கள். ஜாலான் புசாரில் ஒரு பாத்திரக்கடை பிய்த்துக்கொண்டு ஓடியது. அது ரத்தினம்மாவின் கை என்றார்கள். மூடிய கடைகளை அவள் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தாள்.

அவள் முதலாளி அப்துல் கஃபார் ஒருநாள் கேட்டுக்கொண்டார்:

“எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லம்மா. கொடுக்கிறவன் அல்லா. ஆனா புதுசா அரைக்கிற கல்லு இறக்கியிருக்கேன். மொத உருண்டை மசாலாவை நீங்களே காசு குடுத்து வாங்கிக்கிட்டா நான் வேணாம்னு சொல்லப்போறதில்ல.”

“நம்பிக்கை இல்லாதவருக்கு எதுக்கு லா மொத உருண்டை?” என்று சிரித்துக்கொண்டே காசைப் போட்டாள்.

ராசியை நம்பாவிட்டாலும் அது அவளுக்கு வேண்டியிருந்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் கைதான் அவளைத் தெருவில் நிமிர்ந்து நடக்க விட்டது. கோவிந்தசாமி இப்போது எதிரே வந்தால் ஒதுங்காமல் கும்பிட்டான். அந்தக் கைராசி போனால் அடுத்த நாளே அவன் தண்ணீர் குடிக்கத் திரும்பிவிடுவான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அந்த வட்டார மன்றம் பாலத்துக்குக் காசு வாங்கத் தீர்மானித்தது.

மன்றத்தில் நம் ஆள் ஒருவர் இருந்தார், சேதுபதி. மளிகைக் கடை வைத்திருந்தார், சில்க் சட்டை போடுவார். முந்தின வருஷம் ஓட்டுக் கேட்க மரப்பாலத்தைக் கடந்து கம்பத்துக்கு வந்தபோது, ஒரு பலகை உடைந்து அவர் கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. நாலு பேர் தூக்கிவிட்டார்கள். ஜெயித்தால் புதுப் பலகை போடுவேன் என்று அங்கேயே நின்று சத்தியம் செய்தார். ஜெயித்தார். பலகையும் போட்டார், பதினெட்டுப் பலகை. போட்ட கையோடு, பலகைக்குச் செலவாகிவிட்டது, அதனால் நடந்து போகிறவனுக்கு ஐந்து காசு, சைக்கிளுக்குப் பத்து, தள்ளுவண்டிக்கு இருபது என்று தீர்மானத்தையும் அவரே கொண்டுவந்தார். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. இங்கே வசூல் நன்றாக நடந்தால் ஆற்றின் மேலே உள்ள மற்ற இரண்டு மரப்பாலங்களுக்கும் இதே ஏற்பாடு என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்கள்.

கூட்டம் முக்கால் மணி நேரம் நடந்ததாம். அதில் அரை மணி நேரம் வசூல்காரன் தொப்பி என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விவாதம். கை தூக்கிய ஒருவராவது அந்தப் பாலத்தில் தினமும் நடக்கிறவரா? எல்லாரும் காரில், தொலைவிலுள்ள பெரிய ரோட்டுப் பாலத்தின்மேல் போகிறவர்கள். அந்தப் பெரிய பாலத்துக்குக் காசு கிடையாது.

கம்பத்து ஜனங்கள் மனு எழுதினார்கள். நூற்றுச் சொச்சம் கைநாட்டு. குமாஸ்தா அதை வாங்கி ஒரு கட்டின் அடியில் வைத்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. எந்தக் கட்டில், எந்த அடியில் பரிசீலித்தார்களோ தெரியாது. வசூல் குத்தகை மட்டும் மளமளவென்று ஏலம் போய், சேதுபதியின் மச்சான் வேலாயுதத்தின் கையில் விழுந்தது.

இந்த வேலாயுதம் காலையில் எழுந்து எந்தக் காலை முதலில் கீழே வைப்பது என்று பஞ்சாங்கம் பார்க்கிற ஆள். பூனை குறுக்கே போனால் அன்றைக்குக் கடை லீவு. மூன்று மாதக் குத்தகைப் பணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தான். அப்படிப்பட்டவன் வசூலை யார் கையால் தொடங்குவான்? மைத்துனரையும் கூட்டிக்கொண்டு மசாலாக் கடைக்கே வந்துவிட்டான்.

“ரத்தினம்மா, வர்ற வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நல்ல நேரம். நீங்கதான் மொதக் காசு போடணும்” என்றான்.

மஞ்சள் அப்பிய கையோடு அவள் நிமிர்ந்தாள். “எதுக்கு?”

“பாலத்துக்குத்தான். போணி உங்க கையால ஆயிட்டா அந்த கேட் நூறு வருஷத்துக்கு நிக்கும்.”

“நானும் அந்தப் பாலத்துலதானே நடக்கிறேன்?”

சேதுபதி முன்னே வந்து, ஏதோ ராஜ்ஜியத்தை எழுதிவைப்பவரைப் போலச் சொன்னார்: “உங்களுக்கு மட்டும் ஆயுசுக்கும் ஃப்ரீ. நானே பாஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். மன்றத்துல சொல்லியாச்சு.”

“மத்தவங்களுக்கு?”

“மத்தவங்க கையி ராசியாம்மா?” என்று சேதுபதி சிரித்தார்.

வருவதாகச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு அவள் நிறைய நேரம் அரைத்தாள். அப்துல் கஃபார், “அரைச்சது போதும்மா, கல்லு தேஞ்சிரும்” என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கம்பத்து ஜனங்கள் அவள் வாசலில் கூடினார்கள். கோவிந்தசாமிதான் முன்னால் நின்றான். கீரையும் கத்தரியும் பயிரிட்டு, தள்ளுவண்டியில் அக்கரைக்குக் கொண்டுபோய் விற்கிறவன். போக இருபது, வர இருபது என்றால் கீரைக்கட்டு விற்று என்ன மிஞ்சும்?

“அம்மா, நீங்க போகாதீங்க. உங்க கை பட்டா அந்தப் பாழாப்போன கேட்டு அசையவே அசையாது. எம் பொழப்பு போயிரும். உங்க கால்ல விழுறேன்” என்றான். விழவும் செய்தான்.

“நான் போகலன்னா?”

“வேலாயுதம் தொடங்க மாட்டான்.”

“ஒரு வாரம் தொடங்க மாட்டான். அப்புறம் அவன் சோசியக்காரன் வேற ராசிக்காரியைக் காட்டுவான். அப்ப அவ கால்ல விழுவியா?”

கோவிந்தசாமி எழுந்து உட்கார்ந்தான். “அப்ப என்னதான் பண்றது?” என்றான்.

“வர்றேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன். போவேன்.”

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. ஃப்ரீ பாஸுக்குச் சோரம் போய்விட்டாள் என்று ஒருத்தி காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனாள். ரத்தினம்மா கதவைச் சாத்திக்கொண்டு சோறு வடித்தாள். போகாமல் இருந்தால் கேட் ஒரு வாரம் தள்ளி நிற்கும். போய் ஒழுங்காகக் காசு போட்டால் கேட்டும் நிற்கும், அவள் பெயரும் நிற்கும். வேலாயுதத்தைப் போன்ற பயந்தாங்கொள்ளியை ஒரேயடியாக விரட்ட மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. ஆனால் அந்த வழியில் போனால் ராசிக்காரி ரத்தினம்மா அத்தோடு செத்தாள். மறுபடியும் வெறும் தாலியறுத்தவள்தான், மறுபடியும் தண்ணீர் குடிக்கத் திரும்புகிற முகங்கள்தான். பதினோரு வருஷம் நிமிர்ந்து நடந்துவிட்டு இனி குனிந்து நடப்பதா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. வடித்த சோற்றை மூடிவைத்துவிட்டுப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மரப்பாலத்தின் முனையில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஒரு தனி மூங்கில் தடுப்பு, ஒரு மேஜை, அதன்மேல் மஞ்சள் பிள்ளையார், குங்குமம் வைத்த பணப்பெட்டி. நீலத் தொப்பி போட்ட வசூல்காரன் விறைத்து நின்றான். அரை மணி நேரம் விவாதித்த தொப்பி அது, அவன் தலைக்குப் பெரிதாக இருந்தது. சேதுபதி ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்துப் பேசினார். நாகரிகத்தின் அடையாளம் பாலம், பாலத்தின் அடையாளம் கட்டணம் என்றெல்லாம் வாசித்தார். எழுதிக் கொடுத்தவனைத்தான் உதைக்க வேண்டும். வேலைக்குப் போகிற ஜனங்கள் இரண்டு கரையிலும் தூக்குச்சட்டியோடு காத்து நின்றார்கள். போணி ஆகாமல் யாரிடமும் காசு வாங்க மாட்டேன், காசு வாங்காமல் யாரையும் விடமாட்டேன் என்று வேலாயுதம் தடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சரியாக ஒன்பது மணிக்குத் தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். வேலாயுதம் இரண்டு கையையும் ஏந்தி, பல்லெல்லாம் தெரிய, “போடுங்கம்மா” என்றான்.

ரத்தினம்மா முந்தானையில் முடிந்திருந்த ஐந்து காசை அவிழ்த்தாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இடது கையால் காசை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி உயரத் தூக்கிக் காட்டி, அவன் ஏந்திய கையில் வைத்தாள்.

கற்பூரத் தட்டுப் பிடித்தவன் தட்டைக் கீழே போட்டான்.

“பீச்சாங்கை!” என்று வேலாயுதம் அலறினான். நெருப்பை வாங்கியவன் போலக் கையை உதறினான், காசு மேஜைக்கடியில் உருண்டது. “எம்மா, என்னம்மா பண்ணிட்டீங்க! எடுத்துட்டு வேற கையால போடுங்கம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“போட்டது போட்டதுதான். போணி ஆயிருச்சு” என்றாள் ரத்தினம்மா. “அவர் குடுக்கிற பாஸு எனக்கு வேணாம். காசு குடுத்தாச்சு, தடுப்பைத் தூக்கு.”

“அதனால என்ன, காசு காசுதானே!” என்று சேதுபதி அதட்டினார். மச்சான் அவரைப் பார்த்த பார்வையில் குடும்பமே பிரிந்திருக்கும். அதற்குள் இரண்டு கரை ஜனங்களும் ஓவென்று கத்திக்கொண்டு தடுப்புக்கு அடியில் குனிந்து ஓடினார்கள். நீலத் தொப்பிக்காரன் நாலு பேரைப் பிடித்துக் காசு கேட்டான். ஐந்தாவது ஆள் தொப்பியைத் தட்டி ஆற்றில் போட்டான். கோவிந்தசாமி ரத்தினம்மாவின் காலில் இரண்டாம் தடவை விழுந்து, “தெய்வம்மா நீங்க” என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேலாயுதத்தின் மூளை செய்த வேலை. மூன்றாம் நாள் மழை பெய்தது, சிங்கப்பூரில் மழை பெய்வது அதிசயமா? அவனுக்கு அதிசயம். அடுத்த நாள் அவன் சைக்கிள் களவு போனது. அதற்கடுத்த வாரம் பெண்டாட்டிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. எல்லாவற்றையும் அந்த ஐந்து காசின் தலையில் ஏற்றினான். பதினாறாம் நாள் கட்டின பணம் போனால் போகிறது என்று குத்தகையைக் கைகழுவிவிட்டு, தோஷம் கழிக்கக் குடும்பத்தோடு கப்பலேறி ஊருக்குப் போய்விட்டான். மன்றம் மறுபடி ஏலம் போட்டது. ஒருவர் வரவில்லை. தவ்கே என்கிற சீன முதலாளி ஒருவர் மட்டும் வந்து விசாரித்தார். கதையைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துகொண்டார்.

ஆள் கிடைக்காத மன்றம் என்ன செய்யும்? ஏழைகளின் நலன் கருதிப் பாலக் கட்டணம் ரத்து செய்யப்படுகிறது என்று இன்னொரு தீர்மானம் போட்டது. கொண்டுவந்தவர் சேதுபதி. அதே வாய்தான். கம்பத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள், வாழைமரமும் கட்டினார்கள். மாலையைத் தூக்கிக்கொண்டு மேடையேறியவன் கோவிந்தசாமி. அடுத்த வருஷம் அந்த மன்றமே கலைந்துபோனது. யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ரத்தினம்மாவை அந்தக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. மெல்ல மெல்லக் கடைக்காரர்களும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வேலாயுதம் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினானே, அந்தக் கை பட்டதுதான் என்று தேக்கா முழுக்கப் பேச்சு. பாலம் திறந்தது சேதுபதியால், வேலாயுதம் அழிந்தது ரத்தினம்மாவால். இந்த இரண்டும் அவர்கள் மண்டைக்குள் சண்டை சச்சரவில்லாமல் குடியிருந்தன. விடியற்காலையில் பாலத்தில் அவள் தலை தெரிந்தால் ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்த்தார்கள். சிலர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அப்துல் கஃபார் மட்டும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. “மசாலா அரைக்கிறதுக்கு ராசி எதுக்கும்மா, பலம்தான் வேணும்” என்றார். ஆனால் அடுத்த கல் இறக்கியபோது முதல் உருண்டையை அவளிடம் நீட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

தெரிந்துதானே செய்தோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெரிந்து செய்தாலும் வலிக்கிறது வலிக்கத்தான் செய்தது.

அறுபதாம் வருஷம் தை மாதத்தில் கோவிந்தசாமி தேக்காவுக்குப் பக்கத்துச் சந்தில் சொந்தமாக ஒரு காய்கறிக்கடை போட்டான். அவளுக்கு அழைப்பு இல்லை. கடை போட்ட சங்கதியே அப்துல் கஃபார் சொல்லித்தான் தெரியும். கம்பத்து ஆள், நம் காலில் இரண்டு தடவை விழுந்தவன், முன்னேறியிருக்கிறான் என்று அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அங்கே நின்றாள். தண்ணீர் தெளித்த கத்தரிக்காய் குவியலாக மின்னியது.

“அரைக் கட்டி எடை கத்தரிக்காய் போடு, கோவிந்தசாமி.”

அவன் தராசில் வைத்த கையை எடுத்துக்கொண்டான். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

“அம்மா, இன்னும் போணி ஆகல. கொஞ்சம் கழிச்சு வாங்கம்மா. கோவிச்சுக்காதீங்க லா, புதுக் கடை பாருங்க.”

ரத்தினம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். குரலில் கோபத்தைக் காட்டாமல் கேட்டாள்:

“காயெல்லாம் தோட்டத்துலேர்ந்து எப்படிக் கொண்டு வந்தே?”

“தள்ளுவண்டியிலதாம்மா. எப்பவும் போல மரப்பாலத்து வழியா.”

“வண்டிக்கு எவ்வளவு குடுத்தே?”

கோவிந்தசாமி வாய்விட்டுச் சிரித்தான். “என்னம்மா, மறந்துட்டீங்களா? பாலத்துக்குத்தான் இப்ப காசே கிடையாதே! எல்லாம் நம்ம சேதுபதி அண்ணன் புண்ணியம்.”

அவன் முகத்தை அவள் நன்றாக உற்றுப் பார்த்தாள். கிண்டலா, குத்தலா என்று தேடினாள். இரண்டும் இல்லை. அவன் நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

“நல்லா இரு” என்றாள்.

சந்து முனையைத் தாண்டியதும் சாக்கடை ஓரமாகப் போய்க் காறித் துப்பினாள். பிறகு மசாலா அரைக்கப் போனாள்.